கண்ணொளி இழந்தும் கலங்காத கலைஞர் ரே சார்லஸ்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியில் உள்ள ஃபுளோரிடா மாநிலத்தில் கிரீன்வில் என்றொரு சிற்றூர் உண்டு. 1930-களில் அவ்வூரின் கறுப்பின மக்கள் தனிக் குடியிருப்பில் வாழ்ந்தனர். பெரும்பாலோர் பிறர் நிலத்திலும் மரம் அறுக்கும் ஆலைகளிலும் உழைத்துப் பிழைத்தனர். பெண்கள் வெள்ளையர் வீட்டுத் துணிகளைத் துவைத்துக் கொடுத்துச் சில காசுகள் ஈட்டினர். அவ்வாறு துணி வெளுத்துப் பிழைத்த ஓர் ஏழைத் தாயின் மகன்தான் பிற்காலத்தில் உலகமெங்கும் புகழ்பெற்ற இசைக் கலைஞராக விளங்கிய ரே சார்லஸ். ‘சோல்’ என்று வழங்கும் ஆன்ம இசைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் அவர். பாடகர், பியானோக் கலைஞர், பாடல்களை அமைப்பவர், இசைக்குழுத் தலைவர், ஒலிப்பதிவு நிறுவன உரிமையாளர் எனப் பல நிலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தார். அவர் வாழ்வில் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்திகள் பல உள. அவற்றுள் சில புகழ்ச்சிக்கு உரியன அல்ல என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நேர்மையாகும்.

ரே சார்லஸ் ராபின்சன் என்பது அவருடைய முழுப்பெயர். 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயுடன் கிரீன்வில் வந்து சேர்ந்தார். தந்தை குடும்பத்தோடு வாழவில்லை. தாய் ரீத்தா மிக இளம் வயதினர், உடல்நலமும் குன்றியவர். அவரே இரு ஆண் குழந்தைகளையும் வளர்த்தார். தந்தையின் முன்னாள் மனைவியான மேரி ஜேன் என்பவரும் அக்குழந்தைகளைத் தம் குழந்தைகள் போல் பேணினார்.

ரேயின் தம்பி ஜார்ஜ், நான்கு வயதளவில், தாய் துணி துவைக்க வைத்திருந்த பெரிய நீர்த்தொட்டிக்குள் விழுந்து மூழ்கினான். அருகில் இருந்த ரே அவனை வெளியே இழுக்க முயன்றார். நனைந்த உடைகளின் கனம் அச்சிறுவனின் கைகளுக்கு மிகுதியாக இருந்தது. தாயை அழைத்து வருவதற்குள் தம்பியின் உயிர் பிரிந்தது. அதன்பின் சில மாதங்களில் ரேயின் கண்களிலிருந்து நீர் வடியத் தொடங்கியது, பார்வை மங்கியது, ஏழு வயதில் முற்றிலும் அகன்றது. கண்ணில் அழுத்தம் மிகுவதால் வரும் கிளாக்கோமா என்னும் நோயே காரணமாக இருக்கலாம் என்பர். அச்சிற்றூரில் கண் மருத்துவர் இல்லை. இருந்திருப்பினும் ஏழைக் கறுப்பினப் பெண்ணால் அவருக்குக் கட்டணம் செலுத்த இயன்றிராது.

பார்வையிழந்த மகனைத் தாய் நடத்திய விதத்தை இங்குச் சற்று விரிவாகவே கூற வேண்டும். அவர் மகனை மூலையில் உட்கார வைத்துச் சோறூட்டவில்லை. தரையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். கிணற்றில் நீர் இறைக்கச் சொன்னார். கோடரியைக் கையில் கொடுத்து விறகு பிளக்கச் சொன்னார். அண்டை வீட்டார் அத்தாயைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசினர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தாம் நெடுங்காலம் வாழப்போவதில்லை என்பதும், தமக்குப்பின் இப்பிள்ளையைத் தாங்க எவரும் இரார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை மகனுக்கு வரலாகாது என்பதே அவருடைய ஒரே குறிக்கோள். எழுத்தறிவு குறைந்த அந்தச் சலவைத் தொழிலாளியே தமக்கு முதல் ஆசான் என்று ரே சார்லஸ் வாழ்நாள் முழுவதும் போற்றிவந்தார். பிற்காலத்தில் அவர் கைத்தடியோ வழிகாட்டும் நாயோ இன்றி நடமாடியதற்கும், மேடைக்குழுவின் கணக்கு வழக்குகளைத் தாமே கவனித்ததற்கும் அந்த விறகுக் கோடரியே மூலம் எனலாம்.

இசையின் தொடக்கமும் கிரீன்வில்லிலேயே நிகழ்ந்தது. வைலி பிட்மன் என்பவர் அங்கே ரெட் விங் கஃபே என்ற சிற்றுண்டிக் கடையை நடத்தினார். அங்கொரு பழைய பியானோ இருந்தது. பிட்மன் அதில் ‘பூகி ஊகி’ என்னும் துள்ளல் இசையை வாசிக்கத் தொடங்கினால், மூன்று வயதுச் சிறுவன் ரே விளையாட்டை விட்டு ஓடி வந்து இரு கைகளாலும் கட்டைகளைத் தட்டுவான். பிட்மன் அவனை விரட்டவில்லை. மடியில் அமர்த்தி, ஒரு விரலால் எளிய மெட்டு வாசிப்பது எப்படி என்று பொறுமையுடன் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் போதகர் முழங்க, சபையார் மறுமொழி பாடும் வழிபாட்டு இசையைச் சிறுவன் கேட்டான். சனிக்கிழமை இரவுகளில் நாஷ்வில் நகரிலிருந்து வானொலியில் வந்த ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சியில் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்டான். இம்மூன்று ஊற்றுகளும் பின்னர் ஒன்றாய்க் கலந்தன.

1937-இல் அரசுச் செலவில் செயின்ட் அகஸ்டின் நகரில் இருந்த காதுகேளாதோர், பார்வையற்றோர் பள்ளியில் ரே சேர்க்கப்பட்டார். வீட்டிலிருந்து ஏறத்தாழ 160 மைல் தொலைவு. ஏழு வயதுக் குழந்தை தாயைப் பிரிந்து தனியே தொடர்வண்டியில் சென்றது. முதல் ஆண்டிலேயே தாங்கொணாத வலியின் காரணமாக அவருடைய வலக்கண் அறுவை மருத்துவம் செய்து அகற்றப்பட்டது.

அப்பள்ளியிலும் நிறவேற்றுமை ஆட்சி செய்தது. வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒரு பகுதி. கறுப்பினக் குழந்தைகளுக்கு வேறொரு பகுதி. ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாத குழந்தைகளையும் தோலின் நிறத்தைக் கொண்டு பிரித்து வைத்தனர். பார்வையற்றவனுக்கு நிறம் ஏது என்று அச்சட்டத்தை வகுத்தோர் எண்ணிப் பார்க்கவில்லை. 1896-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், தனித்தனியே வைத்தாலும் சமமாக நடத்தினால் குற்றமில்லை எனத் தீர்ப்பளித்திருந்தது. ‘தனி’ என்பது எங்கும் இருந்தது. ‘சமம்’ என்பதை எவரும் கண்டதில்லை. தனிக் குவளையும் தனி வரிசையும் எத்தகைய புண்ணை உண்டாக்கும் என்பதை இம்மலரைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அப்பள்ளி அவருக்குக் கல்வி தந்தது. பிரெயில் எழுத்தை மிக விரைவில் கற்றார். இசைக் குறிப்புகளுக்கும் பிரெயில் முறை உண்டு. கண்ணுடைய மாணவன் தாளைப் பார்த்துக்கொண்டே இரு கைகளாலும் வாசிப்பான். பார்வையற்ற மாணவனோ ஒரு கையால் குறிப்பைத் தடவிப் படித்து, மறுகையால் வாசித்து, பின்னர் கைகளை மாற்றி, சில வரிகளை மனப்பாடம் செய்த பிறகே இரு கைகளையும் சேர்த்து வாசிக்க முடியும். ஷோப்பான் போன்ற ஐரோப்பிய மேதைகளின் படைப்புகளை அவர் இவ்வாறே கற்றார். கிளாரினெட், சாக்சஃபோன் முதலிய கருவிகளையும் பயின்றார். ஒரு பெரிய குழுவில் ஒவ்வொரு கருவியும் என்ன வாசிக்க வேண்டும் என்பதைத் தலைக்குள்ளேயே அமைத்து, வாய்மொழியாகச் சொல்லிப் பிறரை எழுதச் செய்யும் வன்மை அவருக்கு இவ்வாறு வாய்த்தது. இசை அவருடைய இரத்தத்திலேயே இருந்தது என்று பலர் எழுதுவர். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. எட்டு ஆண்டுகள் விரல் தேயத் தடவிக் கற்ற கல்வியை இரத்தத்தின் மேல் ஏற்றிச் சொல்வது, உழைத்தவனின் கூலியை மறைப்பதற்கு ஒப்பாகும்.

1945-இல், பதினான்கு வயதில், தாய் இறந்த செய்தி பள்ளிக்கு வந்தது. பல நாள்கள் அவரால் உண்ணவோ அழவோ இயலவில்லை. தந்தை முன்னரே இறந்துவிட்டார். விரைவில் அவர் பள்ளியை விட்டு நீங்கி, ஜாக்சன்வில் நகரில் தாயின் நண்பர்கள் இல்லத்தில் தங்கி, பியானோ வாசித்துப் பிழைக்கத் தொடங்கினார். பின்னர் ஆர்லாண்டோ, டாம்பா ஆகிய நகரங்களில் அலைந்தார். வேலை கிடைத்த நாளில் உணவு. கிடைக்காத நாளில் பட்டினி. டாம்பாவில் வெள்ளையர் அடங்கிய நாட்டுப்புறப் பாடற்குழு ஒன்றிலும் சிறிது காலம் பியானோ வாசித்தார். இது பின்னால் பயன்பட்டது.

1948-இல் ஃபுளோரிடாவில் தமக்கு எதிர்காலம் இல்லை என்று தெளிந்தார். நாட்டுப் படத்தை விரித்து, இங்கிருந்து மிகத் தொலைவில் உள்ள பெருநகரம் எது என்று பார்க்கும்படி நண்பரைக் கேட்டார். வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் என்று தெரிந்தது. சேமித்த சிறுதொகையுடன் பேருந்து ஏறிப் பல நாள் பயணம் செய்து அந்நகரை அடைந்தார். வயது பதினேழு, துணை எவருமில்லை. அங்கே கிதார்க் கலைஞர் மெக்கீ என்பவருடன் சேர்ந்து மூவர் குழு ஒன்றை அமைத்தார். குவின்சி ஜோன்ஸ் என்னும் பள்ளி மாணவர் அவரைத் தேடி வந்து இசையமைப்பின் நுட்பங்களைக் கேட்டறிந்தார். அம்மாணவரும் பின்னர் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளரானார். இருவரின் நட்பும் இறுதிவரை நீடித்தது. 1949-இல் ரேயின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. சுகர் ரே ராபின்சன் என்ற குத்துச்சண்டை வீரர் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்தமையால், குழப்பம் தவிர்க்க ராபின்சன் என்ற பெயரை நீக்கி ரே சார்லஸ் ஆனார்.

அதுகாறும் அவர் பிறரைப் போலவே பாடி வந்தார். நாட் கிங் கோல், சார்லஸ் பிரவுன் ஆகியோரின் குரலை அப்படியே வார்த்தாற்போல் பாடுவது அவருக்கு எளிது. அதனால் வேலையும் கிடைத்தது. ஆனால் மக்கள் அவரை நாட் கிங் கோல் போல் பாடும் பையன் என்றே அறிந்தனரேயன்றி, அவர் பெயரை அறியவில்லை. இது அவர் நெஞ்சை உறுத்தியது. 1952-இல் அட்லாண்டிக் என்னும் இசைத்தட்டு நிறுவனம் 2,500 டாலர் கொடுத்து அவருடைய ஒப்பந்தத்தைப் பெற்றது. அங்கே தம் சொந்தக் குரலைத் தேடும் உரிமை கிடைத்தது.

1954-இல் தம் குழுவினருடன் பயணம் செய்கையில், கார் வானொலியில் ஒரு தேவாலயப் பாடலைக் கேட்டார். அம்மெட்டின் எழுச்சி அவரைப் பற்றிக்கொண்டது. குழுவின் ஊதுகுழல் கலைஞர் ரெனால்ட் ரிச்சர்டுடன் சேர்ந்து அம்மெட்டில் ஒரு காதற்பாடலை அமைத்தார். அட்லாண்டா நகரில் ஒரு வானொலி நிலையத்தில் அது பதிவு செய்யப்பட்டது. ‘ஐ காட் எ உமன்’ என்னும் அப்பாடல் 1955-இல் கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இதன் பின்னே எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. இறைவனைப் பாடும் மெட்டில் பெண்ணைப் பாடுவது பாவம் என்று போதகர்கள் கண்டித்தனர். வழிபாட்டு இசை வேறு, துயரத்தைப் பாடும் ‘புளூஸ்’ வேறு. இரண்டையும் கலத்தல் தகாது என்று பிக் பில் புரூன்சி போன்ற மூத்த புளூஸ் கலைஞர்களே கூறினர். ரே சார்லஸ் தம் வழியிலிருந்து விலகவில்லை. ஞாயிறு காலையில் அழுது வேண்டும் அதே மக்கள்தாம் சனி இரவில் ஆடிப் பாடுகின்றனர். ஒரே நெஞ்சிலிருந்து வரும் இரு குரல்களுக்கும் நடுவே சுவர் எதற்கு என்பது அவர் கொள்கை. போதகரும் சபையாரும் போல, தாம் ஓர் அடி பாட, மறுமொழி பாடுவதற்கு ‘ரேலெட்ஸ்’ என்னும் பெண்கள் குழுவையும் அமைத்தார். ஆன்ம இசை என்னும் புதுவகை இவ்வாறு உருப்பெற்றது. தாளத்தையே முதலாகக் கொண்ட ‘ஃபங்க்’ இசை 1960-களில் கிளைத்ததும் இவ்வேரிலிருந்தே எனலாம்.

1958 டிசம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு நடன நிகழ்ச்சி. வழக்கமான பாடல்கள் அனைத்தும் முடிந்துவிட்டன. இன்னும் சில நிமிடங்கள் எஞ்சின. தாம் வாசிப்பதைப் பின்தொடருமாறு குழுவினருக்குச் சொல்லிவிட்டு, மின்பியானோவில் அப்போதே தோன்றிய ஒரு மெட்டைத் தொடங்கினார். பெண்களைத் தம் குரலுக்கு எதிர்க்குரல் எழுப்பச் செய்தார். தரை அதிரக் கூட்டம் ஆடியது. மின்பியானோவைப் பொம்மைக் கருவி என்று பலர் இகழ்ந்த காலம் அது. தம் பயணங்களில் கிடைக்கும் பியானோக்கள் பெரும்பாலும் சுருதி கெட்டவை என்பதால், தமக்கென ஒரு வுர்லிட்சர் மின்பியானோவை அவர் உடன் கொண்டு சென்றார். 1959-இல் பதிவான ‘வாட்ட் ஐ சே’ என்னும் அப்பாடல் ஆறு நிமிடத்திற்கு மேல் நீண்டதால் தட்டின் இருபக்கங்களிலும் பிரித்து வெளியிடப்பட்டது. சில வானொலி நிலையங்கள் அது ஒழுக்கக்கேடானது என்று தடை செய்தன. அவ்வாறிருந்தும் பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது. அதன்பின் எண்ணற்ற குழுக்கள் மின்பியானோவைத் தேடிச் சென்றன.

இதே ஆண்டில் அவர் செய்த மற்றொரு செயல், பாடல்களைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. நம் நோக்கில் அதுவே பெரிது. கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளால் நிறுவனங்கள் செல்வம் ஈட்டின. பாடியவர்களோ சிறுதொகை பெற்று ஏழ்மையில் மடிந்தனர். பதிவின் மூலநாடா யாருக்கு உரியதோ அவருக்கே வருங்காலப் பயன் முழுதும் சேரும் என்பதை ரே சார்லஸ் உணர்ந்திருந்தார். 1959-இன் இறுதியில் ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனம் அவரை அழைத்தபோது, தம் பதிவுகளின் மூலநாடாக்கள் தமக்கே உரியனவாதல் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். அந்நாளில் வெள்ளைக் கலைஞர்களுக்கும் எளிதில் கிடைக்காத உரிமை இது. பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சொந்தக் கட்டடம் எழுப்பி, ஒலிப்பதிவுக் கூடமும், டாஞ்சரின் என்ற இசைத்தட்டு நிறுவனமும் நடத்தினார். கூலி உழைப்பாளி, உழைப்பின் பயனுக்கு உரிமையாளன் ஆனான். நிலமற்றோர் வழிவந்தவருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

1960-இல் ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ என்னும் பாடல் நாடு முழுவதற்குமான பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்பாடல் இயற்றப்பட்டதும் அவர் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1930. அடுத்த ஆண்டே அதே ஜார்ஜியா மாநிலம் அவரைச் சோதித்தது.

1961 மார்ச் 15-ஆம் நாள் அகஸ்டா நகரின் பெல் மண்டபத்தில் அவருடைய நிகழ்ச்சி நடைபெற இருந்தது. அந்நகரில் பெய்ன் கல்லூரி என்னும் கறுப்பின மாணவர் கல்லூரி உண்டு. அம்மாணவர்கள் அவருக்குச் செய்தி அனுப்பினர். கீழே ஆடுகளம் முழுவதும் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருப்பதையும், கறுப்பினத்தார் மாடத்தில் மட்டும் அமர வேண்டும் என்பதையும் தெரிவித்து, இந்நிகழ்ச்சியில் பாடலாகாது என்று வேண்டினர். அதற்கு முந்தைய ஆண்டுதான் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறப்பட்ட மேசையில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கியிருந்தனர். ரே சார்லஸ் மாணவர்களின் சொல்லை ஏற்றார். நிகழ்ச்சியைக் கைவிட்டு நகரை நீங்கினார். ஒப்பந்தத்தை மீறினார் என்று நிகழ்ச்சி அமைப்பாளர் வழக்குத் தொடுத்தார். 1962-இல் நீதிமன்றம் 757 டாலர் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அவர் செலுத்தினார்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி ஒரு பிழையான செய்தி பரவியுள்ளது. 2004-இல் வெளிவந்த ‘ரே’ என்னும் திரைப்படத்தில், ஜார்ஜியா மாநிலம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்ததாகவும், 1979-இல் மன்னிப்புக் கேட்டதாகவும் காட்டியுள்ளனர். அத்தகைய தடை எதுவும் விதிக்கப்படவில்லை. 1963-இல் அதே பெல் மண்டபத்தில், நிறப்பாகுபாடு நீக்கப்பட்ட அவையின் முன் அவர் பாடினார். உண்மையில் நடந்தது திரைப்படத்தில் காட்டியதைவிடக் குறைந்ததன்று. முகமறியாத கல்லூரி மாணவர்கள் அனுப்பிய ஒரு செய்தி, புகழின் உச்சியில் இருந்த கலைஞரை மேடை ஏறாமல் தடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த மண்டபத்தின் கதவு எல்லோருக்கும் திறந்தது. இதில் பாதிப் பெருமை அம்மாணவர்களுடையது. 1979-இல் நடந்தது வேறு: மார்ச் 7-ஆம் நாள் ஜார்ஜியா சட்டமன்றத்தில் அவர் அப்பாடலைப் பாடினார், ஏப்ரலில் அது அம்மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடலாயிற்று.

1962-இல் அவர் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடல்களைத் தம் முறையில் பாடி ஓர் இசைத்தொகுப்பு வெளியிட விழைந்தார். உள்ள இரசிகர்களையும் இழக்க நேரும் என்று நிறுவனத்தார் அஞ்சினர். சனிக்கிழமை இரவு வானொலியைக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கோ அப்பாடல்கள் அயலானவை அல்ல. அத்தொகுப்பு 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதில் உள்ள ‘ஐ காண்ட் ஸ்டாப் லவிங் யூ’ ஐந்து வாரங்கள் முதலிடம் வகித்தது. இந்த இசை இவருக்கு, அந்த இசை அவருக்கு என்று வேலி கட்டி வைத்திருந்தோர் வாயடைத்துப் போயினர்.

இனிக் கூறுவது வருத்தத்திற்குரியது. இளமையிலேயே அவர் ஹெராயின் என்னும் கொடிய போதைப் பழக்கத்திற்கு ஆளானார். ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அது அவரை விடவில்லை. 1950-களிலும், 1961-இல் இண்டியானாபொலிஸ் நகரிலும் கைது செய்யப்பட்டார். 1964-இல் பாஸ்டன் விமான நிலையத்தில் மீண்டும் பிடிபட்டபோது நீண்ட சிறைத்தண்டனை எதிர்நோக்கியது. அப்போதுதான் விழித்தார். 1965-இல் மேடையை முற்றிலும் துறந்து கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். படிப்படியாக விடுவிக்கும் மருந்துகளை மறுத்து, உடல் நடுங்கும் வேதனையை நேரே தாங்கி அப்பழக்கத்தை விட்டார். தூக்கமற்ற இரவுகளில் அங்கேயே சதுரங்கம் கற்றார். தடவி அறியத்தக்க காய்களுடன் அவ்விளையாட்டைக் கடைசிவரை விரும்பி ஆடினார். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டது. 1966-இல் புதிய பாடல்களுடன் மேடைக்கு மீண்டார்.

இல்லற வாழ்விலும் அவர் ஒழுங்குடையவராக இருந்தார் என்று கூற இயலாது. இருமுறை மணந்தார்; இரண்டும் முறிந்தன. பத்துப் பெண்களிடம் பன்னிரு குழந்தைகள் பிறந்தனர். தந்தையின்றி வளர்ந்தவர், தம் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இல்லாத தந்தையாகவே இருந்தார். 2002-இல் பன்னிருவரையும் ஒருசேர அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் டாலர் ஒதுக்கினார். பணம் கொடுத்தார், கொடுக்காத ஆண்டுகளை எவராலும் கொடுக்க முடியாது.

பொதுவாழ்விலும் ஒரு கறை உண்டு. மார்ட்டின் லூதர் கிங் நடத்திய இயக்கத்திற்குப் பொருளுதவி செய்தவர் அவர். ஊர்வலத்தில் நடக்கும் ஆற்றல் தமக்கில்லை, பாடி ஈட்டித் தருவதே தம் பணி என்பது அவர் எண்ணம். அத்தகையவர் 1981-இல், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவிற்குச் சென்று பாடினார். உலகின் கறுப்பின அமைப்புகள் அந்நாட்டைப் புறக்கணிக்குமாறு வேண்டிக்கொண்டிருந்த காலம். கண்டனங்கள் எழுந்தன. கலைஞனுக்கு அரசியல் இல்லை என்பது போன்ற விளக்கங்கள் அவர் தரப்பில் கூறப்பட்டன. அகஸ்டாவில் மாணவர்களின் சொல்லுக்குச் செவிசாய்த்தவர், இருபது ஆண்டுகள் கழித்து அதைவிடக் கொடிய பாகுபாட்டின் முன் ஏன் அவ்வாறு செய்யவில்லை என்ற வினா இன்றும் நிற்கிறது. அவரை நேசிப்போர் இதனை மறைத்து எழுதுவதை நாம் விரும்பவில்லை. அகஸ்டாவின் பெருமையை இது அழிக்காது. அகஸ்டாவும் இதனை அழிக்காது.

முதுமையில் பட்டங்களும் விருதுகளும் குவிந்தன. 1986-இல் ராக் இசைப் பெருமை மண்டபத்தில் முதல் வரிசையிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. 1993-இல் நாட்டின் கலைப் பதக்கத்தை வெள்ளை மாளிகையில் பெற்றார். இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. கல்விக்கு அவர் செய்தவற்றைச் சொல்ல வேண்டும். கேள்திறன் குறைந்தோருக்கென 1980-களில் ஓர் அறக்கட்டளை நிறுவினார். பார்வையற்றவர் பார்வையற்றோருக்கன்றிக் காதுகேளாதோருக்கு ஏன் உதவினார் என்று சிலர் வியந்தனர். கண்ணின்மை தமக்கு இடையூறு அன்று. செவியின்றேல் இசையே இல்லாது போயிருக்கும் என்பது அவருடைய விடை. கறுப்பின மாணவர்கள் பயிலும் மோர்ஹவுஸ், டில்லர்டு ஆகிய கல்வி நிலையங்களுக்கு இலட்சக்கணக்கான டாலர்களை வழங்கினார். இறந்தபின் தம் செல்வத்தின் பெரும்பகுதி அவ்வறக்கட்டளைக்கே சேருமாறு எழுதி வைத்தார். 1959-இல் கேட்டுப் பெற்ற மூலநாடா உரிமை இல்லையேல் எழுதி வைப்பதற்கு அவரிடம் பெரிதாக ஒன்றும் இருந்திராது.

2003-இல் கல்லீரல் நோய் கண்டது. மேடை நிகழ்ச்சிகள் நின்றன. ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. தாம் எழுப்பிய அக்கட்டடத்தில், பன்னிரு கலைஞர்களுடன் இணைந்து பாடும் இறுதித் தொகுப்பை முடித்தார். 2004 ஜூன் 10-ஆம் நாள் பெவர்லி ஹில்ஸ் இல்லத்தில், தம் 73-ஆம் வயதில் காலமானார். இங்கிள்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆகஸ்டு மாதம் அத்தொகுப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு நடந்த கிராமி விழாவில் அது எட்டு விருதுகளைப் பெற்றது.